பழைய கட்டடத் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

அன்புள்ள முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் கல்லூரியின் பழைய கட்டடம், அதன் கிழக்கு முனையில் இருக்கும் மாதா சிற்றாலயம், முன்வாசல் பஸ் நிறுத்தம் மூன்றிலும், சிற்றாலய மணிக்கூண்டு நீங்கலாக, திருப்பணி முடிந்து, சாவியை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டோம். கட்டடத்தை ஆசீர்வதித்த மந்திரிப்புச் சடங்கு அன்று வந்தவர்கள் நேரிலேயே பார்த்தீர்கள். வர முடியாதவர்களுக்காகவும், பணம் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம். வரவு செலவுக் கணக்கு ஆடிட்டர் கையெழுத்தோடு தனியே வரும். என்ன செய்தோம், எதை முதலில் செய்தோம், ஏன் என்பது மட்டும் இங்கே.

பலரும் கேட்டது ஒரே கேள்விதான். சிற்றாலயத்தின் மணிக்கூண்டில் விரிசல் இருக்கும்போது, எதற்காக முதல் பணத்தைக் கழிப்பறைக்கும் சாப்பாட்டுத் தாழ்வாரத்துக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் போட்டீர்கள்? இதற்குக் கல்லூரி வளர்ந்த கதையைச் சொன்னால்தான் பதில் ஆகும்.

கொங்கு நாட்டில் கத்தோலிக்கம் பழையது, ஆனால் கல்லூரி தாமதமாகத்தான் வந்தது. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷன் இயேசு சபைக் குருக்கள் இந்தப் பக்கம் நடந்திருக்கிறார்கள். 1846இல் பிரெஞ்சுக் குரு மரியோன் பிரெசியாக் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டது நம் கருமத்தம்பட்டியில். 1850இல் கோவை தனி அப்போஸ்தலிக்க மறைவட்டம் ஆனது, 1886இல் மறைமாவட்டம் (ஆயரின் முழு ஆளுகைப் பகுதி) ஆனது. இடையில் 1860இல் கோவையில் புனித மிக்கேல் பள்ளி வந்துவிட்டது. ஆனால் நம் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் கல்லூரியில்தான் படிக்க வேண்டும் என்று நினைத்த பையன்கள் நெடுங்காலம் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரிக்குத்தான் ரயில் ஏறினார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்கு மாறிய கல்லூரி அது. பெண்களுக்கு 1948இல் கோவையில் நிர்மலா கல்லூரி வந்தது. ஹாஸ்டலுக்குக் கட்டப் பணம் இருந்தவர்கள் படித்தார்கள். தறிக்குடும்பமும் காட்டு வேலைக் குடும்பமும் பள்ளியோடு நின்றன.

நம் கல்லூரி அந்தக் குடும்பங்களுக்காகத் தொடங்கியது. பங்குப் பள்ளியாக இருந்த ஓட்டுக் கட்டடத்தில், பி.யு.சி. (பட்டப் படிப்புக்கு முந்தைய புகுமுக வகுப்பு) காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடந்தது. ஹாஸ்டல் கட்ட அன்று பணமில்லை. பின்னால் பணம் வந்தபோதும் கட்டவில்லை. அதை வகுப்பறைக்கும் லேபுக்கும் போட்டார்கள். அன்றைய ஃபாதர்கள் எடுத்த அந்த முடிவுதான் இந்தக் கல்லூரியின் குணத்தைத் தீர்மானித்தது என்பது எங்கள் குழுவின் கருத்து. ஒரு பிள்ளை காலையில் வீட்டில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்து படித்து, சாயங்காலம் தறிக்குத் திரும்பிப் போகலாம். அதனால்தான் அனுப்பினார்கள்.

1978இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிகளுக்கு வந்ததும் பி.யு.சி. போயிற்று. கூட்டம் அதிகமாக இருந்த வகுப்பு அதுதான் என்பதால் பாதி அறைகள் காலியாகிவிட்டதாக அன்றிருந்த ஆசிரியர்கள் சொல்வார்கள். மூடிவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. மூடாமல் காத்தது பி.காம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகின. கணக்கு எழுதவும் பில் போடவும் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. 1982இல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தபின், ஒரு கையெழுத்துக்காக இரவு ரயிலில் சென்னை போகும் வேலையும் நின்றது. அப்புறம் ஷிப்ட் முறை வந்தது. காலை ஷிப்டில் படித்துவிட்டு மதியத்துக்கு மேல் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போன மாணவர்கள் பலர். அவர்களில் பலர் இன்று இந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள்.

இவ்வளவையும் தாங்கியது பஸ். சேரன் போக்குவரத்துக் கழகம் 1972இல் தொடங்கி டவுன் பஸ்கள் கிராமம் கிராமமாக நுழைந்த பிறகுதான் சோமனூர், பல்லடம், சூலூர், அன்னூர் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வர முடிந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. 2024 ஆகஸ்டில் பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தைக் கோவையிலேயே தொடங்கினார்கள். காலை எட்டு மணிக்கு நம் வாசலில் நின்று பார்த்தால் இந்த மூன்றும் என்ன செய்திருக்கின்றன என்று தெரியும். பெண் பிள்ளைகள் நிறைந்து இறங்குகிறார்கள். அவர்களில் கத்தோலிக்கர் கொஞ்சம்தான், முன்பும் அப்படித்தான். அதை ஒரு குறையாக நாங்கள் நினைக்கவில்லை.

அப்படி இறங்குகிற பிள்ளை பஸ்ஸுக்கு எங்கே நிற்கிறாள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், கழிப்பறைக்கு எங்கே போகிறாள்? ஹாஸ்டல் இருந்தால் அறைக்குப் போவாள். இங்கே அவளுக்குத் தாழ்வாரம்தான் அறை. முதல் கூட்டத்தில் மாணவிகளைக் கூப்பிட்டுக் கேட்டபோது, காலையில் வீட்டிலேயே தண்ணீர் குடிக்காமல் வருகிறோம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்ற பயம். அதற்குப் பிறகு எதை முதலில் செய்வது என்ற விவாதம் குழுவில் எழவில்லை.

பழைய கழிப்பறையை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம். கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள், பை மாட்டக் கொக்கி, நாப்கின் எரிக்கும் கருவி, எப்போதும் தண்ணீர். போர் தண்ணீர் இங்கே உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கழுவ அது போதும். குடிக்க நல்ல தண்ணீர்க் குழாய் தனியாக இழுத்திருக்கிறோம். தெற்குத் தாழ்வாரத்தில் கருங்கல் திண்ணை போட்டு, கை கழுவத் தொட்டியும் தூக்குப்போசி, டிபன் பாக்ஸ் வைக்க அலமாரியும் வைத்தாயிற்று.

இனி கட்டடம். அதை இடித்துவிட்டு மூன்று மாடி கான்கிரீட் எழுப்பலாம் என்று உறுப்பினர்கள் சிலர் வலியுறுத்தினார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் பார்வையிட்ட பொறியாளர், கருங்கல் அஸ்திவாரமும் செங்கல் சுவரும் உறுதியாக இருக்கின்றன, சுவரைக் கெடுப்பது மேலே பூசிய சிமென்ட் என்று சொல்லிவிட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ரிப்பேரில் சுண்ணாம்புச் சுவர் மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே போய்விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரத்தால் உப்பு பூத்து, செங்கல் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. எனவே இடுப்பு உயரம்வரை மட்டுமில்லாமல், சுவர் முழுக்கச் சிமென்ட்டைக் கொத்தி எடுத்தோம்.

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து மேஸ்திரியும் கொத்தனார்களும் வந்தார்கள். பின்பக்கம் தொட்டி கட்டி, சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட்டார்கள். கடுக்காயையும் வெல்லத்தையும் தனியே ஊறவைத்து, புளித்த அந்தத் தண்ணீரைச் சேர்த்து மணலோடு அரைத்தார்கள். முதல் அரைப்பை மேஸ்திரி விரலில் எடுத்து, கட்டைவிரலால் தேய்த்து, மணல் நெருடுகிறது என்று திருப்பிப் போடச் சொன்னார். மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய இடைவெளி. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. வேலை ஏன் இழுத்தது என்று கேட்டவர்களுக்கு முக்கியமான பதில் இதுதான்.

வடக்குத் தாழ்வாரச் சுவரில் சிமென்ட் பெயர்ந்தபோது அடியில் ஒரு பஸ் நேரப் பட்டியல் வெளிப்பட்டது. காவிப் பெயிண்டில் கையால் எழுதியது. சிமென்ட் பிடிக்கட்டும் என்று அன்று உளியால் கொத்திய புள்ளிகள் எழுத்துகள் மேல் அம்மை வடுப் போல இருந்தாலும் படிக்க முடிகிறது. ஊர்ப் பெயர் இடப்பக்கம், நேரம் வலப்பக்கம், பல்லடம் வண்டிக்கு எதிரே “சனிக்கிழமை இல்லை” என்று ஒரு குறிப்பு. எழுதியது யார் என்று தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் பூசாமல், ஓரத்தைச் சுண்ணாம்பால் கட்டி விட்டிருக்கிறோம். எழுதியவர் உங்களில் ஒருவராக இருந்தால் தயவுசெய்து எங்களுக்குத் தெரிவியுங்கள்.

கூரையில் கைமரங்களில் பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தன. சுவரில் பதிந்த முனைகளைத்தான் கரையான் தின்றிருந்தது. அவற்றை வெட்டிப் புதுத் தேக்கை ஒட்டுப்போட்டோம். ரீப்பர் முழுக்கப் புதிது. மங்களூர் ஓடுகளை இறக்கிக் கழுவி, தட்டிப் பார்த்து, மணி போலக் கணீரென்று ஒலித்தவற்றை மட்டும் மறுபடி ஏற்றினோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று நேராக அடிப்பது மேற்குப் பக்கம்தான். அங்கே ஓடுகளைக் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டியிருக்கிறோம். இந்த ஆடியில் ஒரு ஓடும் நகரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குத்தான் அலைச்சல் அதிகம். பஸ் ரோட்டிலேயே நிற்க, பின்னால் வரும் லாரி ஒதுங்க, பிள்ளைகள் நடுவில் இறங்கினார்கள். நிர்வாகம் பெரிய மனதோடு காம்பவுண்டு சுவரை உள்ளே தள்ளிக் கட்டச் சம்மதித்தது. அனுமதிக் காகிதங்கள் கிடைத்ததும் பஸ் ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்க இடமும் நிழற்கூரையும் வந்துவிட்டன.

சிற்றாலயத்தில் பீடத்தைத் தொடவில்லை. சுவர், ஜன்னல், தரை மட்டும் செய்தோம். பழைய சிவப்புத் தரை மேல் கிரானைட் போட்டுத் தருவதாக ஒரு உறுப்பினர் முன்வந்தார். அவரிடம் பேசி, அந்தப் பணத்தைக் குடிநீருக்கு மாற்றிக்கொண்டோம். அவருக்கு எங்கள் நன்றி. மாதா கெபியை (மாதா சுரூபம் இருக்கும் குகை போன்ற சிறு அமைப்பு) சுற்றிக் கம்பி வேலி இருந்ததை எடுத்துவிட்டோம். பரீட்சைக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்ற வரும் பிள்ளைகளில் எல்லா மதத்தவரும் உண்டு. அவர்கள் எட்டி நின்று ஏற்ற வேண்டியதில்லை.

“உபயம்” என்று பெயர் எழுதுவதில்லை என்று பொதுக்குழுவில் முடிவானது. ஃபேன், டியூப்லைட், பெஞ்சு எதிலும் பெயர் இல்லை. நூறு ரூபாய் கொடுத்த ஆய்வக உதவியாளரும் லட்சத்தில் கொடுத்த ஏற்றுமதியாளரும் ஒரே பதிவேட்டில் அகர வரிசையில் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு உறுப்பினர்கள் சிலரின் பணத்தைத் திருப்பி அனுப்பியதில் அவர்களுக்கு வருத்தம் இருக்கிறது. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் வேலை செய்து, தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். குடியுரிமை மாறியவர்கள் அனுப்புவது, ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நம் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லை. அவர்கள் மனதை நாங்கள் மதிக்கிறோம்.

மணிக்கூண்டு பாக்கி இருக்கிறது. விரிசல் மேல் கண்ணாடித் துண்டு ஒட்டிக் கவனித்து வருகிறோம். இதுவரை கண்ணாடி உடையவில்லை, ஆகவே விரிசல் நகரவில்லை என்று பொறியாளர் சொல்கிறார். மணிக்கூண்டைச் சரிசெய்யும்வரை மணியை அடிக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறோம். நூலகக் கூரையும் அடுத்த குழுவின் வேலை. மிச்சப் பணம் பராமரிப்பு வைப்புத்தொகையாக வங்கியில் இருக்கிறது. அதன் வட்டியில் கழிப்பறைத் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் போகிறது, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் ஓட்டுக் கூரையின் தகர நீர்க்காலில் சேரும் வேப்பஞ்சருகை வாரி எடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை உள்ளூர் உறுப்பினர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஏணி சிற்றாலயத்தின் பின்னறையில் இருக்கிறது, சாவி அலுவலகத்தில் கிடைக்கும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்