ஊசி அசையவில்லை என்றால் போதுமா?

குன்னூர்,
மார்கழி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கும் செய்தியைப் படித்ததும் அம்மா எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டார். குழந்தைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. இங்கே எல்லோரும் நலம். பச்சைத் தேயிலை விலைதான் சிறு விவசாயிகளை வாட்டுகிறது. மழை ஓய்ந்து உறைபனி தொடங்கிவிட்டது. காலையில் புல்வெளியெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விடுதிச் சமையலறைக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் எரிவாயு போகும் பழைய பைப்லைனை வெட்டிப் புதிய கிளை இழுக்கிறீர்கள். புது ஜாயிண்டுகளில் மட்டும் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். போதாது என்பதே என் பதில். சின்ன வேலைக்கு அப்படி ஒரு சலுகை இருப்பது உண்மைதான். எரிவாயுக் குழாய்களுக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 54 நெறிமுறை, சிறு பழுதுபார்ப்புக்கு அழுத்தச் சோதனை வேண்டாம், இணைப்புகளைக் கசிவு காட்டும் திரவத்தால் சோதித்தால் போதும் என்கிறது. ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 நெறிமுறையிலும், மாற்றம் பாதித்த பகுதியை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதே விதி. சிறு மாற்றமாக இருந்து, முன்னெச்சரிக்கைகளும் எடுக்கப்பட்டிருந்தால் மட்டும் உரிமையாளர் அதைத் தளர்த்தலாம். தலைக்குழாயை, அதாவது முதன்மைக் குழாயை, வெட்டிக் கொதிகலன் வரை புதுக் கிளை இழுப்பது எந்தக் கணக்கில் சிறு மாற்றமாகும்?

‘பாதித்த பகுதி’ எது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். புதிதாக வெல்டிங் செய்த இடத்தோடு அது நிற்பதில்லை. குழாயை வெட்டும்போது அதிரும், தாங்கிகள் நகரும், பைப் ரெஞ்சு போட்டுத் திருப்பும்போது பக்கத்துத் திருகு இணைப்பின் மறையிலும் முறுக்கு விழும். பல ஆண்டுகள் அசையாமல் இருந்து இறுகிப்போன யூனியன் (இரு குழாய்களைத் திருகிச் சேர்க்கும் இணைப்பு) அப்போதுதான் கசியத் தொடங்கும்.

இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்கு எரிவாயு பர்னர் வைத்தபோது இதை நேரில் பார்த்தேன். அழுத்தச் சோதனைக்காகக் குழாயை அடைத்து நைட்ரஜன் ஏற்றியது காலை எட்டு மணிக்கு, பனி விலகாத நேரம். பதினொரு மணிக்கு அழுத்தம் காட்டும் கேஜின் ஊசி இம்மியும் அசையவில்லை என்று ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கு ஒரே மகிழ்ச்சி. எனக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. தகரக் கூரை மேல் ஓடிய குழாயில் வெயில் ஏறியிருந்தது. தொட்டால் சூடு தெரிந்தது. அடைபட்ட வாயு சூடானால் ஊசி ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் எங்கோ வெளியேறுகிறது என்றுதான் பொருள். சோப்புக் கரைசலும் டார்ச்சும் கண்ணாடித் துண்டுமாக ஒவ்வொரு இணைப்பாகப் போனோம். புது வெல்டிங் எல்லாம் சுத்தம். வெட்டிய இடத்துக்கு இரண்டு கஜம் தள்ளி, ஒரு பழைய யூனியனின் அடிப்பக்கத்தில், கடுகளவு வெள்ளை நுரை மெல்லத் திரண்டு வந்தது. குமிழாக ஊதி வெடித்திருந்தால் எவர் கண்ணுக்கும் பட்டிருக்கும். இது ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால்தான் தெரிகிற கசிவு.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். குன்னூரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 0.81 பார் (பார் என்பது அழுத்த அளவு), உங்கள் கொடைக்கானலில் இன்னும் சற்றுக் குறையும். கேஜில் 2.2 பார் என்றால், வெளிக் காற்றழுத்தத்தையும் சேர்த்து உள்ளே முழு அழுத்தம் 3.01. குழாயின் வெப்பம் 10 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குப் போனால், ஒரு கசிவும் இல்லாத குழாயில் கேஜ் 2.41 காட்ட வேண்டும். அது 2.2இலேயே நின்றால், 0.2 பாருக்கு மேல் வாயு போய்விட்டது. இதையே திருப்பிப் பார்: பிற்பகலில் 24 டிகிரியில் ஏற்றி இரவு முழுக்க விட்டு, காலையில் 10 டிகிரியில் பார்த்தால் ஊசி 2.06க்கு இறங்கியிருக்கும். அதைக் கசிவு என்று நினைத்து நல்ல ஜாயிண்டையெல்லாம் பிரித்துவிடுவார்கள். நம் மலைகளில் குழாய் மேல் வெப்பமானி கட்டாமல் செய்யும் சோதனையை நான் சோதனையாகவே ஏற்கமாட்டேன். கேஜும் 0 முதல் 4 பார் அளவுள்ளதாக இருக்கட்டும். 25 பார் கேஜில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

உங்கள் குழாயின் வடிவமைப்பு அழுத்தம் 2 பார் என்று எழுதியிருக்கிறாய். பி31.3 கணக்கில் வாயுவால் சோதித்தால் குறைந்தது 1.1 மடங்கு, அதாவது 2.2 பார், தண்ணீரால் என்றால் 1.5 மடங்கு. எரிவாயுக் குழாயில் தண்ணீர் விட்டால் அதை முழுக்க உலர்த்துவது பெரும்பாடு, எனவே நைட்ரஜனே நல்லது. ஆனால் அழுத்திய வாயு வெடித்தால் தண்ணீரைப் போல அடங்காது. நிரம்பிய நைட்ரஜன் உருளையில் ஏறக்குறைய 150 பார் இருக்கும். ரெகுலேட்டரும் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் இணைக்க விடாதே. முதலில் பாதி அழுத்தத்தில் நிறுத்தி இணைப்புகளைப் பார்த்த பிறகு படிப்படியாக ஏற்றச் சொல். ஆக்சிஜனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

மூடிய வால்வை நம்பிச் சோதிக்காதே. அடைப்புத் தகடு போட்டுப் பிரி. பர்னர், ரெகுலேட்டர் ஆகியவற்றைக் கழற்றிவிடு. பழைய குழாயுடன் கடைசியாகச் சேர்க்கும் ஒரு வெல்டிங்கைச் சோதிக்க வழியில்லை என்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது: செய்யும்போதே ஆய்வாளர் பார்த்து, முழுமையாக எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசோனிக் சோதனையில் தேறியிருந்தால் அந்த ஒன்றை விட்டுவிடலாம். வெட்டுவதற்கு முன் பழைய எரிவாயுவை நைட்ரஜன் விட்டு வெளியேற்றினார்களா என்று நீயே நின்று பார்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உங்கள் சமையலறைதான். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவைத்திருப்பீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கப் போதுமானது. அதிகாலையில் இட்லிக்கு அடுப்புப் பற்றவைக்க வருகிறவர் அந்தத் தேக்கத்தின் நடுவில்தான் நிற்பார். சுவரின் அடியில், தரை மட்டத்தில் காற்றுத் துவாரம் இல்லையென்றால் இந்த வேலையோடு சேர்த்து அதையும் போட்டுவிடு.

சோதனை முடிவை நேரம், குழாயின் வெப்பம், கேஜ் அளவு மூன்றும் சேர்த்து எழுதி ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்து வாங்கிவை. குழாய் வரைபடத்தை எனக்கு அனுப்பு. எங்கெங்கே தகடு போட வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். பொங்கல் கழிந்ததும் பேத்தியைப் பார்க்க வருவதாக இருக்கிறேன். சோதனையை அந்த வாரத்துக்குத் தள்ளிவைக்க நிர்வாகத்திடம் கேட்டுப் பார். கேஜும் வெப்பமானியும் கையோடு எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
உன் ஐடிஐ பெஞ்சுத் தோழன்