சொகோட்டோ நூலை அச்சேற்ற உதவுங்கள்

அன்புள்ள ஊர்மக்களுக்கும் வாசகர்களுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

எங்கள் நூலகக் குழு இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த நூல் ஒருவழியாக முடிந்துவிட்டது. இன்றைய வடக்கு நைஜீரியாவில் எழுந்த சொகோட்டோ கிலாஃபத் என்ற இஸ்லாமிய அரசின் வரலாறு அது. அச்சுக்குத்தான் பணமில்லை.

பிரெஞ்சுப் புரட்சியைப் பள்ளியில் படித்தோம். ஹைட்டி விடுதலை பெற்ற அதே 1804இல் அந்தப் பகுதியிலிருந்த ஹவுசா நாட்டில் நடந்ததை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அங்கிருந்த கோபிர் அரசு தலைப்பாகைக்கும் முக்காட்டுக்கும் தடை போட்டிருந்தது. அதன் பிடி இறுகியபோது உஸ்மான் தான் ஃபோடியோ என்ற ஆலிம் (மார்க்க அறிஞர்), தெகெல் ஊரைவிட்டுத் தம் ஆட்களோடு குது என்ற இடத்துக்கு ஹிஜ்ரத் (இடம்பெயர்ந்து) போனார். போர் மூண்டது. 1808இல் கோபிரின் தலைநகர் அல்காலாவா அவர்களிடம் விழுந்தது. மறு ஆண்டே அவர் மகன் முஹம்மது பெல்லோ சொகோட்டோவை அமைத்தார்.

போரைவிட, வென்ற பிறகு அவர்கள் உட்கார்ந்து எழுதியதுதான் எங்களை இழுத்தது. கானோ என்ற ஹவுசா நகரத்து மக்களுக்காக உஸ்மானின் தம்பி அப்துல்லாஹ் ஆட்சிமுறை பற்றி ஒரு கையேடே எழுதினார். அப்புறம் உஸ்மானின் மகள் நானா அஸ்மாவு. 1793இல் பிறந்தவர், அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹவுசா மூன்றிலும் பாட்டுக் கட்டியவர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, அதுபோலத்தான் அங்கே ஹவுசாவையும் எழுதினார்கள். அவரிடம் பயின்ற ஆசிரியைகள் பெரிய ஓலைத்தொப்பியில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு, பாட்டுகளை மனப்பாடமாகக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். நூலில் நீளமான அத்தியாயம் இவருடையது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மொத்தச் செலவையும் ஏற்க ஒருவர் முன்வந்தார். அடிமைகள் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். மறுத்துவிட்டோம். சுதந்திரமான முஸ்லிம்களை அடிமையாக்குவதைக் கண்டித்த இயக்கம், தன் ஆட்சியில் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய அடிமைச் சமூகங்களில் ஒன்றை வளர்த்தது. 1903இல் பிரிட்டிஷார் கைப்பற்றும்வரை அந்த ஆட்சி நீடித்தது. அந்தப் பக்கங்களை விட்டால் புகழ்மாலைதான் மிஞ்சும். சரி, அதற்கு உங்களிடம் ஏன் கையேந்த வேண்டும்?

500 படிகளுக்கு 85,000 ரூபாய் ஆகும். கையில் இருப்பது 32,000. பாதிப் படிகள் பள்ளி, மதரசா நூலகங்களுக்கு இலவசமாகப் போகும். நூறு ரூபாயானாலும் வாங்கிக்கொள்வோம். அசர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகு நூலகத்தில் ரசீது கிடைக்கும். வரவு செலவு வாசல் பலகையில் ஒட்டப்படும்.

ஜகாத் (கட்டாய தானம்) பணம் மட்டும் வேண்டாம், அதற்கு உரியவர்கள் வேறு. சதக்காவாக, விருப்ப தானமாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
நூலகக் குழுவினர்