அனுப்பும்போது அணைந்துபோகும் பேட்டரி குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

அமெச்சூர் வானொலிக்கென்றே, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பிறரோடு தொடர்புகொள்வோருக்கென்றே, நீங்கள் விற்கும் மேற்படி பேட்டரியை, வெளியிடங்களில் என் 100 வாட் டிரான்சீவரை (வானொலி அலைகளை அனுப்பவும் பெறவும் செய்யும் கருவியை) இயக்குவதற்காக வாங்கினேன். தொடர்ச்சியாக 30 ஆம்பியர் தரும் என்று அதன் மேல் அச்சிட்டிருப்பது நீங்கள்தான். கேட்கும்போது ஏறத்தாழ 1 ஆம்பியரும், முழுத்திறனில் அனுப்பும்போது 20 ஆம்பியருக்குச் சற்று மேலும் இழுக்கும் கருவி அது. ஆயினும் செய்தி அனுப்ப மோர்ஸ் சாவியை அழுத்திய கணமே உங்கள் பிஎம்எஸ், அதாவது பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. துண்டித்தபின் சார்ஜரில் இணைத்தால்தான் அது மீண்டும் உயிர்பெறும் என்பதை உங்கள் கையேடு சொல்லவில்லை. மலையுச்சியில் சார்ஜரைச் செருக நான் எங்கே போவேன்? 24 மணி நேர வானொலித் தொடர்புப் போட்டி ஒன்று அப்படியே பாழானது; வானொலியில் என்னை அடையாளம் காட்டும் என் அழைப்புக்குறிக்கு இருந்த மரியாதையே போய்விட்டது என்றுகூடச் சொல்வேன்.

கம்பி மெல்லியதாக இருக்கலாம் என்று மின்னஞ்சலில் பதில் அனுப்பினீர்கள். மெல்லிய கம்பியால் கருவிக்கு வந்து சேரும் வோல்டேஜ் குறையலாம். பேட்டரியின் முனைகளிலேயே மீட்டர் பூஜ்யம் காட்டுவதற்குக் கம்பி எப்படிக் காரணமாகும் என்பதைத் தங்கள் பொறியாளர்கள் அருள்கூர்ந்து விளக்க வேண்டும்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியரை என்னால் மறக்க இயலவில்லை. "பாட்டுக் கேட்கிற ரேடியோவுக்கு எதற்கு சார் இவ்வளவு கரண்ட்?" என்று சிரித்தார். அனுப்பும் கருவி என்று நான் விளக்கத் தொடங்கியதும், "அப்படியானால் செல்போனில் பேசிக்கொள்ளுங்கள்" என்று இணைப்பைத் துண்டித்தார். பேட்டரிக்கும் அவருக்கும் ஒரே பழக்கம் போலும்!

அதற்கு முன்பே, பேட்டரியைச் சுமந்துகொண்டு உங்கள் சேவை மையத்துக்கு நான் சென்றதையும் குறிப்பிட வேண்டும். நெடுநேரம் காக்கவைத்துவிட்டு, 20 வாட் பல்பு ஒன்றை இணைத்து, எரிகிறது, குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பல்பு இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. 20 ஆம்பியரில் வரும் கோளாறை அதைக் கொண்டு சோதித்ததாக எழுதிய சான்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றத்தில் அது பயன்படும்.

எனினும், தங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவுமில்லை. திறனைக் குறைத்து 5 வாட்டில் பேசுங்கள் என்ற ஆலோசனையை மட்டும் தயவுசெய்து மறுபடியும் அனுப்பாதீர்கள். 5 வாட் போதுமென்றால் இதில் பாதி எடையுள்ள பேட்டரியே எனக்குப் போதுமாக இருந்திருக்கும்.

முழுத்தொகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் உங்கள் சான்று, மின்னஞ்சல், மீட்டர் காட்டிய அளவின் படம் ஆகிய அனைத்துடனும் வழக்குத் தொடுப்பேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி இயக்குநர் ஒருவர்