படித்துறையும் ஸ்டாப்வாட்சும்

சேரன்மகாதேவி,
மார்கழி.

அன்பு மகனுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "எல்லாம் பண்றேன்ப்பா, ஆனா எதுலயும் மனசு ஒட்டல" என்றாய். காலையில் ஜிம், அப்புறம் வகுப்பு, சாயங்காலம் கோடிங், ராத்திரி ஆங்கிலப் பயிற்சி. ஏன் என்று கேட்டால் ப்ளேஸ்மென்ட்டுக்கு, சிஜிபிஏவுக்கு, ரூமில் எல்லாரும் போகிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் வைத்திருந்தாய். பிடித்துச் செய்கிறேன் என்று ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

உன் மதினி உளவியல் படிக்கிறாள் இல்லையா, அவளிடம் கேட்டேன். அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்பவர் 1971-ல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னாள். துண்டுகளைப் பொருத்தி உருவம் அமைக்கும் சோமா புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தாராம். ஒரு பகுதியினருக்கு மட்டும், முடித்த புதிர் ஒவ்வொன்றுக்கும் 1 டாலர். அடுத்த முறை காசு கிடையாது என்றதும், காசு வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்துவிட்டது. முதலில் ஆசைக்கு விளையாடிய பிள்ளைகள்தான் அவர்களும்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு நம் படித்துறைதான் கண்ணில் நின்றது. ஆறாம் வகுப்பில், பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஆற்றுக்கு ஓடுவாய். நடு ஆற்றுப் பாறை வரை நீந்திப் போய்க் கவிழ்ந்து படுத்துக் கிடப்பாய். வீட்டுக்கு வரும்போது வயிறெல்லாம் பாசி ஒட்டியிருக்கும். போட்டிக்கு அனுப்ப ஆசைப்பட்டு நான்தான் ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். தினமும் நேரத்தை நோட்டில் எழுதினேன். ஜெயித்தால் சைக்கிள் என்றேன். இரண்டே மாதம், உனக்கு ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் காதுவலி. அப்புறம் ஆற்றுப் பக்கமே நீ போகவில்லை. சோம்பேறி என்று உன்னைத் திட்டினேன். தப்பு என்னுடையது, எய்யா. இத்தனை வருஷம் கழித்துத்தான் புரிகிறது.

பிடித்ததை மட்டும் செய் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பனியில் ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய்க் கன்னடியன் கால்வாய்த் தண்ணீரை வயலுக்குத் திருப்புகிறேன். கால் விறைத்துப் போகிறது, அதில் என்ன சுகம்? ஆனால் பிசான நெற்பயிர் என்னுடையது. யாரும் என்னை விரட்டவில்லை. பக்கத்து வயல்காரரும் விளக்கோடு வந்து வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அதனால் சலிப்புத் தட்டுவதில்லை. டெசியும் ரிச்சர்ட் ரயன் என்ற இன்னொரு உளவியல் ஆய்வாளரும் பின்னால் சேர்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானாம். ஒரு வேலையை நாமே ஏற்றுச் செய்ய வேண்டும், அது கைக்கு வசப்பட வேண்டும், கூட மனுஷர் வேண்டும். பயத்துக்கும் அடுத்தவர் பார்வைக்கும் செய்தால் அதே வேலை ஆளைத் தின்றுவிடும்.

அந்த ஜிம் ரூம்காரர்களுக்காக மட்டும்தான் என்றால் விட்டுவிடு. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டேன். கோடிங் எதற்கு என்று நீயே ஒரு நாள் உட்கார்ந்து யோசி. உனக்கென்று ஒரு காரணம் கிடைத்தால் வைத்துக்கொள். தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போனால் மட்டும் தள்ளிப்போடாதே, கல்லூரி கவுன்சிலரைப் பார், எனக்கும் எந்நேரமும் போன் போடு. மார்க் எவ்வளவு என்று இனி முதல் கேள்வியாகக் கேட்க மாட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. உன் பாறையும் தலை தெரிகிறது. சாயங்காலம் நானும் கூட வருகிறேன், துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு.

அன்புடன்,
அப்பா