கேரி மாடி ஏறுது மச்சி

டேய் சேது,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு இப்பதான் பதில், திட்டணும்னா திட்டிக்கோ. அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கு. நம்ம கூடப் படிச்ச பழனி போன வாரம் பேசினான், இன்னும் அதே மீசைதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் மைன்கிராஃப்ட்ல, அதான் பிளாக் பிளாக்கா அடுக்கிக் கட்டுற கேம், அதுக்குள்ள கம்ப்யூட்டர் கட்டிக்கிட்டு இருக்கேன். சிரிக்காத. அக்கா பையன் லீவுக்கு வந்து கோட்டை கட்டினான், அவன் ஊருக்குப் போயிட்டான், நான் இன்னும் உள்ளதான் இருக்கேன், வீட்ல என்னை மனுஷனாவே மதிக்கிறதில்ல.

அதுல ரெட்ஸ்டோன்னு ஒரு தூள் இருக்கு, தரையில கோடு மாதிரி போட்டா அதான் வயர். 15 பிளாக் தாண்டினா சிக்னல் செத்துடும், நடுவுல சிக்னலைத் திரும்ப ஏத்தி விடுற ரிப்பீட்டர் வைக்கணும். ஒரு பிளாக்ல ரெட்ஸ்டோன் டார்ச்சை ஒட்டினா அது பாட்டுக்கு எரியும், அந்த பிளாக்குக்கு கரண்ட் குடுத்தா அணையும், உள்ள வர்றதைத் தலைகீழாக்குற நாட் கேட் அவ்ளோதான். அதே பிளாக்குக்கு ரெண்டு வயர் கொண்டு வந்தா, எதுல கரண்ட் வந்தாலும் அணையும், அது நார் கேட். நார் இருந்தா மத்த எல்லாத்தையும் கட்டிடலாம்னு லேப்ல படிச்சோமே, நீ 7402ங்கிற நார் கேட் ஐசியைத் தலைகீழா சொருகி புகை வர வச்சியே, அதேதான். நிலாவுக்குப் போன அப்போலோ கம்ப்யூட்டரோட லாஜிக்கும் வெறும் நார் கேட்தானாம்!

8 பிட் ஆடர், அதாவது எட்டு இலக்க பைனரி எண்களைக் கூட்டுற சர்க்யூட், முடிச்சுட்டேன். ஒரு பிட்டு மேல இன்னொரு பிட்டுன்னு எட்டு மாடி, மாடிக்கு ஒரு விளக்கு. முதல்ல 255 குடுத்தேன், எட்டு பிட்டுல அதான் பெரிய எண், எட்டும் எரிஞ்சுது. அப்புறம் 1 கூட்டினேன் பாரு, கீழ விளக்கு அணைஞ்சுது, அடுத்தது, அதுக்கு அடுத்தது, கூட்டல்ல அடுத்த இலக்கத்துக்குப் போற கேரி ஒவ்வொரு மாடியா ஏறிப் போறதைக் கண்ணால பாத்தேன்டா! ஒரு டார்ச்சு மாறவே 0.1 செகண்டு ஆகுது, அதனால தெரியுது. இந்தத் தாமதத்தைத்தான் பரிட்சையில ரிப்பிள் கேரி டிலேன்னு ரெண்டு பக்கம் எழுதினோம், ஒரு எழவும் புரியாம. கம்ப்யூட்டரோட வேகத்தை வைக்கிற கிளாக்கை ஏன் இஷ்டத்துக்கு ஏத்த முடியாதுன்னு இப்பதான் புரியுது, கேரி மேல போய்ச் சேர்றதுக்கு முன்னாடி விடையை எடுத்தா தப்பு விடைதான் கிடைக்கும்.

நம்மளது சும்மா கொசுறு. சாம்மியூரிங்கிற பேர்ல ஒருத்தர் 2022ல மைன்கிராஃப்ட்டுக்குள்ள கம்ப்யூட்டர் கட்டி அதுலயே குட்டி மைன்கிராஃப்ட்டை ஓட்டினார். 2025ல அதே ஆள் கேள்வி கேட்டா பதில் சொல்ற ஏஐ, ஒரு லாங்குவேஜ் மாடலே கட்டிட்டார், உள்ள சுமார் 50 லட்சம் எண்கள் (பாராமீட்டர்), கிட்டத்தட்ட 44 கோடி பிளாக். கேமை 40,000 மடங்கு வேகமா ஓட்டியும் ஒரு பதிலுக்கு ரெண்டு மணி நேரமாம். சாதா வேகத்துல ஓட்டினா கணக்கு போட்டுப் பாத்தேன், ஒன்பது வருஷம். நான் ரிப்ளை போடுற வேகத்துக்கு அதுவே தேவலாம்.

அந்த தீபாவளி மெசேஜுக்கு நான் ஏன் பதில் போடலன்னா, என்ன சொல்றதுன்னு தெரியல மச்சி. உன்னை ஆபீஸ்ல வேலை குடுக்காம பெஞ்ச்ல உக்கார வச்சு, உன் வேலையை ஏஐ கிட்ட குடுத்துப் பாக்குறாங்கன்னு எழுதியிருந்த. ஏஐ உள்ள பூதம் கீதம் ஒண்ணும் இல்லடா, பெருக்கல் கூட்டல்தான்னு ஆறுதல் சொல்லலாம்னு நெனச்சேன். ஆனா என் ஆடர் முன்னாடி நின்னப்போ எனக்கே அந்த ஆறுதல் ஒட்டல. பூதமா இருந்தாலாவது ஒரு நாள் அலுத்துப் போய் உக்காரும், இது வெறும் கூட்டல், அலுக்காது. ராத்திரி அதை நெனச்சு எனக்கும் தூக்கம் வரல, அதை மட்டும் உன்கிட்ட மறைக்க வேணாம்னு தோணுச்சு.

வீட்ல சொல்லிட்டியா? சொல்லிடு. பணம் ஏதாவது வேணும்னா பழனி மாதிரி சுத்தி வளைக்காம நேராக் கேளு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் சர்வர் போட்டு வைக்கிறேன், வா. எண்ணைப் பிடிச்சு வைக்கிற ரெஜிஸ்டரும், அடுத்த கட்டளை எதுன்னு கணக்கு வச்சுக்கிற புரோகிராம் கவுன்டரும் பாக்கி இருக்கு, கவுன்டர் உன் தலையில. கேமோட ஜாவா எடிஷன் வாங்கு, பெட்ராக் வேணாம், அதுல ரெட்ஸ்டோன் நடந்துக்கிற விதமே வேற.

இப்படிக்கு,
மணி