உறைமோரும் திசைகாட்டியும்

கல்லிடைக்குறிச்சி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள சுப்பு,

உம்ம கடிதம் போன வாரமே வந்தது. பிசான நெல் நடவில் மாட்டிக்கொண்டதால் பதில் தாமதம். ஆற்றில் தண்ணீர் கலங்கலாக ஓடுகிறது. குளிக்கப் போனால் வீட்டில் ஏச்சு. மூட்டுவலி அப்படியே.

சரி, 'டார்க்' என்ற காலப்பயணத் தொடரில் லாஜிக்கே இல்லை, இரண்டாவது சீசனோடு நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்தீர். என்னவே இது, அந்த ஜெர்மன்காரர்களை இப்படித் தள்ளிவிட்டீரே! 1953, 1986, 2019 என்று 33 வருஷக் கணக்கு. குகை வழியாக அந்த வருஷங்களுக்குப் போகலாம், வரலாம். நடந்ததை மட்டும் மாற்ற முடியாது. அப்பாவின் சாவைத் தடுக்கப் போன பையனே அந்த எண்ணத்தை அவர் மண்டையில் போட்டுவிட்டு வருகிறான். விதி எங்கே பிசகியது?

அதில் வரும் சார்லோட்டைப் பெற்றவள் அவளுடைய சொந்த மகள்தான் என்று தெரிந்த இடத்தில்தானே ரிமோட்டை வீசினீர்? எனக்கும் தலை சுற்றியது. இதற்கு என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று வீட்டில் கேட்டேன். "அடுப்புல பால் பொங்குது, அதைப் பாருங்க" என்று பதில் வந்தது.

என்னை உறுத்துவது 'லாஸ்ட்' என்ற இன்னொரு தொடரில் வரும் திசைகாட்டி. 2009இல் வந்த ஐந்தாவது சீசன். ரிச்சர்ட் என்பவன் அதை லாக் என்பவனிடம் கொடுக்கிறான். லாக் 1954க்குப் போய் அதையே ரிச்சர்டிடம் கொடுக்கிறான். அவன் ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்து திரும்ப லாக்கிடமே கொடுக்கிறான். செய்தவன் யார் என்பதைக்கூட விட்டுவிடுவோம். அத்தனை வருஷத்தில் அதில் ஒரு கீறல்கூடவா விழாது? விழுந்தால், லாக் கையில் வாங்கியதும் கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரே திசைகாட்டி எப்படி ஆகும்?

நேற்று அடுத்த வீட்டு ஆச்சி உறைமோர் கேட்டு வந்தாள். போன வாரம் நாங்கள் அவளிடம் வாங்கியதுதான். முதல் மோர் எந்த வீட்டுது என்று சிவனுக்குத்தான் தெரியும். ஆனால் அது ராத்திரிக்கு ராத்திரி புதுப்பாலில் புதிதாக உறைகிறது, தேய்மானம் இல்லை. பாட்டு, கணக்குச் சூத்திரம், கைப்பக்குவம் எல்லாம் அந்த ஜாதி. சேதியைக் காலத்தில் இப்படிச் சுற்றவிட்டால் 'முதலில் யார்' என்ற ஒரு கேள்விதான் மிஞ்சும். சாமானைச் சுற்றவிட்டால் தேய்மானக் கணக்கும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

'டார்க்' மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. சொன்னால் ஏசுவீர், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பேரழிவு நேரத்தில் காலம் ஒரு கணம் நிற்குமாம், அந்தச் சந்தில் விதியை மீறலாமாம். இதை மூன்றாவது சீசனில் வந்து சொல்கிறார்கள். சின்ன வயதில் மட்டைக்குச் சொந்தக்காரன் அவுட் ஆனதும் புதுச் சட்டம் போடுவானே, அதே கதை.

ஆனாலும் விடாமல் பாரும். பொங்கலுக்கு வாரும், இங்கேயே உட்கார்ந்து பார்த்து முடிப்போம். அப்பளம் எத்தனை கட்டு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதும். போன தடவை பஸ் கிளம்பும்போது கேட்டீர், ஓடிப்போய் வாங்கிவர இப்போது காலில் தெம்பில்லை.

அன்புடன்,
உம்ம பழைய பெஞ்சுக்காரன்