டை மருந்து விவரத்தை எங்கள் கையில் எழுதிக் கொடுங்கள்

நெல்லை, பாளையங்கோட்டை வட்டாரத்தில் ஸ்கேன் மையங்களும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப்களும் நடத்தும் டாக்டர்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள், நர்சுகளுக்கும் வணக்கம்.

சி.டி. ஸ்கேனிலும் ஆஞ்சியோவிலும் படம் தெளிவாகத் தெரியச் செலுத்துகிற அயோடின் கலந்த டை மருந்தைப் பற்றித்தான் இந்த மடல். அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. என் அப்பாவின் இதயக் குழாயில் இருந்த அடைப்பைக் காட்டிக்கொடுத்ததே அந்த மருந்துதான்.

போடும் முன் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறீர்கள், அலர்ஜி உண்டா என்று கேட்கிறீர்கள். நல்லது. மூளையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. இந்த மருந்து மூளையைப் பாதிப்பது ரொம்ப அபூர்வம்தான், ஆனால் புதிதல்ல. ஆஞ்சியோவுக்குப் பிறகு தற்காலிகமாகப் பார்வை போனதை மருத்துவர்கள் 1970-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பைத் தாண்டி மருந்து கசிந்தால், சில நிமிடத்திலோ சில மணி நேரத்திலோ பார்வை மங்கலாம், பேச்சு குழறலாம், ஒரு பக்கம் கை கால் தளரலாம், வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ரத்தக் கொதிப்பும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அப்பா ஆஞ்சியோ முடிந்து அன்றைக்கே வீடு திரும்பினார். ராத்திரி, லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே "ஏன் இருட்டா கெடக்கு?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று அங்கே கேட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கையில் இருந்த ஆங்கிலச் சீட்டிலும் அது இல்லை. தலையில் எடுத்த சி.டி.யில் வெள்ளையாகத் தெரிந்ததும் ரத்தக்கசிவோ என்று சந்தேகப்பட்டார்கள். கசிந்த டை மருந்தும் ரத்தமும் சி.டி.யில் ஒரே மாதிரி வெள்ளையாகத்தானே தெரியும்! ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிட்டு வந்த மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். மறுநாள் எடுத்த ஸ்கேனில் வெள்ளை மறைந்துவிட்டது, பார்வையும் திரும்பியது. அந்த டாக்டர்கள்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இதயக் குழாய் அடைபடாமலிருக்கப் புதிதாக ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்த ஒருவருக்கு அந்த மாத்திரையை இப்படி நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாமே.

அதனால்தான் கேட்கிறேன். டை போட்ட ஒவ்வொருவரிடமும் தமிழில் ஒரு சீட்டு கொடுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லி, எந்த நேரம், கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின், ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர், இவ்வளவு போதும். எம்.ஆர்.ஐ.க்குப் போடும் கடோலினியம் வேறு மருந்து என்றாலும் அதையும் எழுதுங்கள். முக்கூடல், களக்காடு, பாபநாசம் என்று பஸ் ஏறிப் போகிறவர்களுக்கு ராத்திரி ஏதாவது ஆனால் முதலில் பார்ப்பது நீங்களாக இருக்க மாட்டீர்கள். பார்க்கிற டாக்டருக்கு அந்தச் சீட்டுதான் துணை.

சீட்டின் கீழே ஒன்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: பார்வையோ பேச்சோ கை காலோ மாறினால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஞ்சியோவுக்குப் பிறகு உண்மையான பக்கவாதமும் வரலாம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "டை மருந்துதான், தானா சரியாயிரும்" என்று வீட்டில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது.

அப்புறம் இன்னொன்று. இப்படி நடந்தால் பதிவு செய்யுங்கள். மருந்துகளின் பக்கவிளைவைக் கண்காணிக்க இந்திய அரசின் திட்டம் 2010 முதல் இருக்கிறது. 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளி வீட்டாரும் சொல்லலாம். ஆஞ்சியோ செய்த இடத்தில் நாங்கள் போய்க் கேட்டபோது, "பிரஷர் கூடியிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணையும் சீட்டில் அச்சடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு நோயாளியின் மகள்